கோல்ஃப் ஜிடிஐ எஞ்சினில் கோல்ஃப் ஆர் உதிரிபாகம்: எதை மாற்றலாம், எங்கே நிறுத்தலாம்

கார் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக எஞ்சின் செய்வதில்லை. ஒரு பிளாக்கை வார்த்துவிட்டு, அதையே அடக்கமாக ஒன்று, ஆட்டமாக ஒன்று என்று கோத்து விற்கிறார்கள். அடக்கமானதை வாங்கியவருக்கு ஆறு மாதத்தில் ஒரு அரிப்பு வரும்: அந்தப் பெரியண்ணனுடைய டர்போவை, அதாவது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாதனத்தை, கழற்றி இதில் மாட்டினால் என்ன? போல்ட் ஓட்டைகூட ஒன்றுதானே?

மாட்டலாம். நானும் மாட்டினேன், வண்டி இன்றும் ஓடுகிறது. ஆனால் நான் டர்போவை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு அப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். அந்த வரிசை தப்பு. நீங்கள் முதலில் படியுங்கள், பிறகு வாங்குங்கள்.

எதைப் படிக்க? கம்பெனி தன் சாதா எஞ்சினை வேக எஞ்சினாக மாற்றும்போது எதையெல்லாம் மாற்றியது என்ற பட்டியலைத்தான். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம், எனக்குக் கை பழகிய வண்டி அது. அதில் வேகமான மாடல் ஜிடிஐ, அதைவிட வேகமானது ஆர். இரண்டிலும் ஈஏ888 என்ற எஞ்சின் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை 2.0 லிட்டர் டர்போ எஞ்சின்தான். முதலில் வந்தபோது ஜிடிஐ 220 குதிரைத்திறன், ஆர் 300. ஜிடிஐயில் ஐஎஸ்20 என்ற டர்போ, ஆரில் ஐஎஸ்38. இவ்வளவோடு கதை முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் ஆருக்காக மாற்றியதாகக் கம்பெனியே சொன்ன பட்டியல் இது: சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி, வால்வுகள் இருக்கும் இடம்), எக்ஸாஸ்ட் வால்வு, வால்வு சீட், வால்வு ஸ்பிரிங், பிஸ்டன், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது), டர்போ. ஏழில் ஒன்றுதான் டர்போ. மீதி ஆறில் இன்ஜெக்டரைத் தவிர மற்ற ஐந்தும், அந்த டர்போ கொண்டுவரும் சூட்டையும் அழுத்தத்தையும் எஞ்சின் தாங்குவதற்காக.

பிஸ்டனைப் பாருங்கள். ஜிடிஐயின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 9.6, ஆருடையது 9.3. வெறும் 0.3 தானே என்று தோன்றும். ஆனால் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது சிலிண்டருக்குள் அடைபடும் காற்று ஏற்கெனவே சூடாகவும் நெருக்கமாகவும் இருக்கிறது. அதை மேலும் 9.6 மடங்கு அழுத்தினால், ஸ்பார்க் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்கு முன்பே, ஓரத்தில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக். கொஞ்சம் நாக் வந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, பின்தள்ளிக் காப்பாற்றும், அதிகம் வந்தால் பிஸ்டன் வளையத்துக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடையும். கம்பெனிக்காரன் கம்ப்ரஷனைக் குறைத்ததே நாக் வராமல் இருக்கத்தான். ஆகவே ஜிடிஐ பிஸ்டனை வைத்துக்கொண்டு ஆர் டர்போவை மட்டும் மாட்டுபவர், ஆர் எஞ்சினைச் செய்யவில்லை. ஆர் டர்போ வைத்த ஜிடிஐ எஞ்சினைச் செய்கிறார். அதை அப்படியே ஒத்துக்கொண்டு அதற்கேற்ப ட்யூன் செய்தால், அதாவது கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதினால், நன்றாக ஓடும். ஒத்துக்கொள்ளாமல் ஆரைவிட ஒரு படி மேலே போகிறேன் என்று கிளம்பினால் குருவி தலையில் பனங்காய்தான்.

எங்கே நிறுத்துவது

என் கணக்கு எளிது. ஹெட்டைத் திறக்காமல் வெளியிலிருந்து போல்ட் கழற்றி மாற்றக்கூடியவை ஒரு கூட்டம்: டர்போ, இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), இன்ஜெக்டர், காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), பிளக், இன்டேக் பைப், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்). இவற்றை இரண்டு வாரயிறுதியில் முடிக்கலாம். கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்), வால்வு ஸ்பிரிங் அடுத்த கூட்டம். டைமிங்கை, அதாவது வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடும் கணக்கை, தொட வேண்டும், கை நடுங்காதவர்கள் செய்யலாம். பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஹெட் என்று போனால் அது மூன்றாவது. அங்கே போக வேண்டிய நிலை வந்துவிட்டால் தனித்தனியாகப் பாகம் பொறுக்காதீர்கள், விபத்தில் அடிபட்ட ஆர் காரிலிருந்து முழு எஞ்சினையே, அதன் வயரிங், கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்குங்கள். பொறுக்கிச் சேர்த்த எஞ்சின் கடைசியில் கூடுதல் செலவு வைக்கும், ஒவ்வொரு கேஸ்கெட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, அளவெடுக்கத் தெரிந்த ஒரு மெஷின் ஷாப் வேண்டும்.

டர்போ இல்லாத எஞ்சின் என்றால் நிலைமை வேறு. ஹோண்டா இன்டெக்ராவில் அமெரிக்காவில் விற்ற ஜிஎஸ்-ஆர் 170 குதிரைத்திறன், டைப் ஆர் 195. இரண்டும் 1.8 லிட்டர். அந்த 25 குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரே இடத்திலிருந்து வரவில்லை, கம்ப்ரஷன் 10.0 லிருந்து 10.6 ஆனது, கேம் மாறியது, ஸ்பிரிங் மாறியது, இன்டேக் மேனிஃபோல்டு மாறியது, உச்சத் திறன் வரும் இடம் 7600 சுற்றிலிருந்து 8000 சுற்றுக்குப் போனது. ஒவ்வொன்றும் சில்லறை. கேமை மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிரிங்கை விட்டுவிட்டால், அதிகச் சுற்றில் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும், பிஸ்டனோடு முட்டினால் அன்றைக்கே எஞ்சின் முடிந்தது. டர்போ இல்லாத எஞ்சினில் பாகங்கள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதி செட் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல்.

ஒரு கிளைக்கதை. நல்ல பாகம் எப்போதும் விலை கூடிய மாடலில்தான் இருக்கும் என்றில்லை. பிஎம்டபிள்யூ எம்52 எஞ்சின்காரர்கள் பல வருடமாகத் தேடுவது அதற்கு முந்தைய எம்50 எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டைத்தான். பழையதில் காற்று போகும் குழாய்கள் அகலம், புதியதில் குறுகல். மாற்றினால் மேல் சுற்றில் மூச்சு திறக்கும், கீழ்ச் சுற்றில் கொஞ்சம் இழுவை போகும். நகர நெரிசலில் மட்டும் ஓட்டுபவருக்கு அது நஷ்டம்.

பார்ட் நம்பரும் பழைய பாகமும்

பெயரை நம்பி வாங்காதீர்கள், எண்ணை நம்புங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பார்ட் நம்பரில் முதல் மூன்று எழுத்து எந்தக் குடும்பம் என்று சொல்லும், 06கே என்றால் இந்த எஞ்சின். அடுத்த மூன்று எண் எந்தப் பிரிவு, அதற்கடுத்த மூன்று எந்தப் பாகம். கடைசியில் வரும் எழுத்துதான் முக்கியம், அது திருத்தம். ஒரே டர்போவுக்குப் பல திருத்தங்கள் வந்திருக்கும், பழைய எழுத்துள்ளதை விற்பவர் குறைத்துத் தருவார், ஏன் குறைத்துத் தருகிறார் என்று யோசியுங்கள். உங்கள் சேசிஸ் நம்பரைப் போட்டு ஒரு பட்டியல், ஆர் காரின் சேசிஸ் நம்பரைப் போட்டு ஒரு பட்டியல், இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றத் தேவையே இல்லை. எண் வேறாக இருந்தால் ஏன் வேறு என்று தெரியும்வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள். எனக்கு இந்த வேலைக்கு ஒரு முழு இரவு ஆனது. அந்த ஒரு இரவில் தேவையில்லாத மூன்று பாகம் பட்டியலிலிருந்து போனது.

பழைய டர்போ வாங்கும்போது கம்ப்ரஸர் பக்கம் இருக்கும் நட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு, ஆயில் படலம் வந்ததும் நின்றுவிடும். ஆனால் பிளேடு சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியக் கூடாது, தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிளேடு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கடித்தது போல இருந்தால் எதையோ விழுங்கியிருக்கிறது. கேம் என்றால் மூக்கில் குழி, கோடு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பாய்ச்சல் அளக்கக் கொடுங்கள், நான்கும் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்பது முக்கியம், ஒன்று குறைவாக ஊற்றினால் அந்த சிலிண்டர்தான் முதலில் போகும்.

இன்ஜெக்டர் அளவு போதுமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம். இது மேனிஃபோல்டில் பீய்ச்சும் வகைக்கான கணக்கு. பெட்ரோல் டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 குதிரைத்திறனுக்கு 81 கிலோ, அதாவது ஏறக்குறைய 110 லிட்டர். நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 460 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 575 சிசி அளவுள்ளது வேண்டும். உங்களிடம் இருப்பது 380 என்றால் டர்போவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேச வேண்டும். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில் இப்படிக் கணக்கிட முடியாது, அங்கே உயர் அழுத்தப் பம்ப்தான் எல்லையைப் போடும். ட்யூனரிடம் கேளுங்கள்.

அதேபோல இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் சென்சார். அது 2.5 பார் வரை படிக்கும் என்றால் அதில் 1 பார் வெளிக்காற்றுடையது. ஆகவே 1.5 பார் பூஸ்ட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. பெரிய டர்போ 1.7 தள்ளினால் கம்ப்யூட்டர் இன்னும் 1.5 என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் இப்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், நான்கு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். சிலிண்டருக்குள் காற்றை அடைத்துப் பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்டும் எடுத்தால் காற்று வால்வு வழியாகப் போகிறதா, ரிங் வழியாகப் போகிறதா என்று காதாலேயே கேட்கலாம். சோர்ந்த எஞ்சினுக்குப் பெரிய டர்போ போடுவது, முட்டி வலிக்காரரை மாரத்தானுக்கு அனுப்புவது மாதிரி. இன்னொன்று, மாற்றுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பூஸ்ட், இக்னிஷன், நாக், எரிபொருள் அழுத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் ஒப்பிட அதுதான் இருக்கும்.

கேஸ்கெட், ஓ-ரிங், காப்பர் வாஷர், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் நட், போல்ட், கூலன்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் மேஜைமேல் வந்த பிறகுதான் முதல் ஸ்பேனரை எடுக்க வேண்டும். யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. பழைய வாஷரையே திருப்பிப் போட்டு ஆயில் ஒழுகி, மொத்தத்தையும் மறுபடி கழற்றியவன் சொல்கிறேன்.

மாட்டும் வேலை

கோல்ஃபில் டர்போ, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் அறையைப் பயணிகள் பக்கத்திலிருந்து பிரிக்கும் சுவர்) நடுவில் இருக்கிறது. இடம் குறைவு, கை கிழியும். பேட்டரியைக் கழற்றுங்கள், எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கூலன்டை இறக்குங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் உட்காரவைக்காமல் கீழே போகாதீர்கள், ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் படுக்கக் கூடாது. முதலில் டவுன்பைப்பை இணைக்கும் கிளாம்ப்பைக் கழற்றி அதை விலக்குங்கள். பிறகு இன்டேக் பைப், பூஸ்ட் பைப், வேஸ்ட்கேட் (மிச்சப் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவு) மோட்டார், டைவர்ட்டர் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடுவது) இவற்றின் கனெக்டர்கள், இரண்டு கூலன்ட் குழாய், ஆயில் வரும் குழாய், ஆயில் திரும்பும் குழாய். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனியாக இல்லை, ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே டர்போ நேராக ஹெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த நட்டுகளுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், புதிய ஸ்டட் போடலாம். உள்ளே முறிந்துவிட்டால்தான் தலைவலி. அதனால் மெதுவாக, கொஞ்சம் தளர்த்தி கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள்.

கழற்றிய ஒவ்வொரு ஓட்டையையும் உடனே துணியாலோ மூடியாலோ அடையுங்கள். கீழே விழுந்த ஒரு வாஷர் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை தேடுங்கள். எங்கேயோ போயிருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

புதிய டர்போவை வைப்பதற்கு முன் ஆயில் வரும் துளையில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, பிளேடைக் கையால் சுற்றிவிடுங்கள். முகப்பைச் சுத்தமாகத் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, நட்டுகளைக் கையால் முடிந்தவரை ஏற்றி, அப்புறம் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (எவ்வளவு பலமாக முறுக்க வேண்டும் என்ற அளவு) குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். டார்க் அளவை என்னிடம் கேட்காதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் எஞ்சின் கோடுக்கான மேனுவலைப் பாருங்கள். டார்க்கோடு கோணமும் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் இறுக்கும்போதே இழுபடும் போல்ட். இரண்டாம் முறை போடக் கூடாது. கழற்றிய ஹீட் ஷீல்டுகளை எல்லாம் திரும்பப் போடுங்கள், சத்தம் வருகிறது என்று விட்டுவிடுபவர்கள் ஆறு மாதத்தில் வெந்துபோன டிரைவ்ஷாஃப்ட் பூட்டையும் வயரையும் பார்ப்பார்கள்.

கேம் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்காவது இடித்தால் நிறுத்துங்கள், டைமிங் தப்பு. ஹெட்டைத் திறந்திருக்கும் பட்சத்தில் பிஸ்டன் மேல் களிமண் வைத்து, சுற்றி, மறுபடி திறந்து அந்தக் களிமண்ணை வெட்டி அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இருந்தால் நிம்மதி.

மென்பொருள்

ஆர் காரின் மென்பொருளையே அப்படியே ஏற்றிவிட்டால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. அந்த மென்பொருள் 9.3 கம்ப்ரஷன், ஆர் ஹெட், ஆர் கியர்பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு இக்னிஷனைப் போடும். உங்களிடம் இருப்பது 9.6. சாதாப் பிஸ்டனோடு பெரிய டர்போ போட்டவர்களுக்கென்று எழுதிய ட்யூன் வேண்டும், அதுவும் நீங்கள் ஊற்றும் பெட்ரோலின் ஆக்டேன் எது என்று கேட்டு எழுதுபவரிடம். கேட்காமலே ஃபைல் அனுப்புபவரிடம் வாங்காதீர்கள். எஞ்சினின் உயிர் இந்த ஃபைலில்தான் இருக்கிறது, டர்போவில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழியுங்கள்.

வேஸ்ட்கேட்டை மின்சார மோட்டார்தான் திறந்து மூடுகிறது. புதிய டர்போ மாட்டியதும் அது எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், டயக்னாஸ்டிக் கருவியில் அடாப்டேஷன் என்று இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் பூஸ்ட் தாறுமாறாக ஏறி இறங்கும், டர்போ கெட்டுப்போனது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போவீர்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது), அதன் முனை இடைவெளி கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அழுத்தம் கூடினால் ஸ்பார்க் தாண்டக் கஷ்டப்படும். ஆடி ஆர்8 காயிலை இந்த எஞ்சினில் மாட்டுவது பிரபலம், சிவப்பு நிறம் பார்க்க நன்றாக இருக்கும், பழைய காயில் நல்ல நிலையில் இருந்தால் அவசரமில்லை.

முதல் ஸ்டார்ட்

எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக மூன்று நான்கு முறை சுற்றவிடுங்கள், ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேரட்டும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். கீழே டார்ச் அடித்து ஆயில், கூலன்ட் ஒழுகுகிறதா என்று பாருங்கள். புகை கொஞ்சம் வரும், கையில் இருந்த எண்ணெய் எரிவது. பத்து நிமிடத்துக்கு மேலும் நீலப் புகை வந்தால் நிறுத்துங்கள். கூலன்டில் காற்றை எடுத்த பிறகு, இன்டேக் முழுக்கப் புகை விட்டு எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பது நல்லது.

முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக. பிறகு மூன்றாவது கியரில் பாதி ஆக்ஸிலரேட்டர், பதிவு செய்யுங்கள், வீட்டுக்கு வந்து பாருங்கள். எந்த சிலிண்டரிலாவது இக்னிஷன் பின்வாங்குகிறதா, கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒன்றாக இருக்கின்றனவா, எரிபொருள் அழுத்தம் மேல் சுற்றில் விழுகிறதா. எல்லாம் சரி என்றால் மட்டும் முழு ஆக்ஸிலரேட்டர், அதுவும் மூடிய தடத்திலோ, காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோவிலோ.

மேனுவல் கியர் வைத்திருப்பவர்களுக்கு க்ளட்ச் வழுக்கும். வழுக்கலாம் என்று சொல்லவில்லை, வழுக்கும். ஜிடிஐ எஞ்சினின் டார்க், அதாவது அது முறுக்கும் பலம், 350 நியூட்டன் மீட்டர், ஆர் 380, ட்யூன் செய்த பெரிய டர்போ இரண்டையும் எளிதில் தாண்டும். ஆர் நான்கு சக்கரத்திலும் தள்ளுகிறது, உங்களுடையது முன் இரண்டில் மட்டும். முன்சக்கர இழுவையிலேயே 310 குதிரைத்திறன் போட்டு 2016இல் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் எஸ் என்று கம்பெனியே விற்றது உண்மைதான், ஆனால் அதோடு சஸ்பென்ஷன், டயர், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்த்துத் தந்தார்கள். பிரேக்கும் அப்படியே. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள், விபத்து நடந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் பணம் வராமல் போகலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் பைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம், நாற்றமும் காருக்குள்ளேயே வரும்.

ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள், பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுவென்று உலோகத் துகள் இருந்தால் டர்போவிலிருந்தா பேரிங்கிலிருந்தா என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். சுத்தமாக இருந்தால், முதல் சூட்டுக்குப் பிறகு டவுன்பைப் கிளாம்ப் கொஞ்சம் தளரும் என்பதால், அதை ஒரு முறை டார்க் பார்த்துவிட்டு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள்.